மீசைக்கு அளவெடுத்த கிண்ணம்

தண்ணீர் விஷயத்தில் மட்டும் மனைவிக்கு அடிபணிவதில்லை என்று டெய்லர் முடிவு கட்டியிருந்தார். மற்ற விஷயங்களில் எல்லாம் ஏற்கெனவே அடிபணிந்துவிட்டதால், மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

வம்புக்குக் காரணம் அவர் சிறுநீரகத்தில் குடியேறியிருந்த ஒரு கல். சின்னக் கல்தான். ஆனால் ஒரு நாள் அது லேசாக அசைந்து கொடுத்ததில், மனுஷன் தையல் மெஷினை விட்டுக் கீழே விழுந்து, வெட்டி வைத்திருந்த துணிகளையும் சுருட்டிக்கொண்டு வாசல் கதவு வரை உருண்டுவிட்டார். டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "நிறையத் தண்ணி குடிங்க, தானா வெளியே வந்துடும். அடுத்த ஸ்கேன்லயும் இருந்துச்சுன்னா ஆபரேஷன்தான்."

வாழ்நாள் முழுக்கக் கத்தரிக்கோல் பிடித்தவருக்குத் தன்மேல் இன்னொருவர் கத்தி வைப்பது என்றால் மகா பயம். ஆனாலும் தண்ணீர் தொண்டையில் இறங்க மறுத்தது. அதற்கு ஒரு ருசி வேண்டாமா என்பது அவர் கட்சி. போதாக்குறைக்கு மனைவி வேறு குடி குடி என்றாள்.

"ஏங்க, காலையில வெச்ச பாட்டில் அப்படியே இருக்கே?"

"தாகம் எடுத்தா குடிப்பேன்."

"உங்களுக்கு டீக்குத்தானே தாகம் எடுக்கும்?"

"நீ சொல்லச் சொல்ல எனக்குத் தொண்டை அடைக்குது. வாயை மூடிக்கிட்டு இரு, நானா குடிக்கிறேன்."

ஒரு நாள் அவள் நிஜமாகவே வாயை மூடிக்கொண்டுவிட்டாள். பாட்டிலையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். டெய்லர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஜெயித்த முதல் சண்டை அது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு டீ குடித்தார். தண்ணீர் குடிக்கவில்லை.

இரண்டொரு நாளில் பூனைப் பிரச்சினை கிளம்பியது.

அந்த வீட்டுப் பூனைக்கு மேனேஜர் என்று பெயர். தான் ஒரு வேலையும் செய்யாது. மற்றவர்கள் வேலை செய்தால் மேஜைமேல் ஏறி, வெட்டப்போகும் துணியின் நட்டநடுவில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும். டெய்லருக்கு அதன்மேல் உயிர். அது எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்தே எத்தனையோ சட்டைகள் தாமதமாகியிருக்கின்றன.

"ஏங்க, மேனேஜர் தண்ணியே குடிக்கிறதில்லை, பார்த்தீங்களா?"

"அப்படியா?"

"கிண்ணத்துல ஊத்தினது ஊத்தினபடி இருக்கு. இப்படியே போனா அதுக்கும் கல்லு வந்துடும்னு பயமா இருக்கு."

டெய்லர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அந்த வலி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தனக்காவது கத்துவதற்கு வாய் இருந்தது. பாவம், வாயில்லா ஜீவன் எங்கே போய்ச் சொல்லும்?

"நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

"உங்களால ஆகாதுங்க. விடுங்க."

அவ்வளவுதான். டெய்லர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

வாங்கி வந்தது பச்சை நிற பிளாஸ்டிக் கிண்ணம். ஒரு பக்கம் சாப்பாடு, ஒரு பக்கம் தண்ணீர், நடுவில் சிரிக்கிற மீன். மேனேஜர் வந்து மோந்து பார்த்தது. காலை உள்ளே விட்டுச் சாப்பாட்டைத் தரையில் வாரிப்போட்டுச் சாப்பிட்டது. தண்ணீர்ப் பக்கம் திரும்பவேயில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். டெய்லர் அவரைக் கையோடு கூட்டிவந்தார். கம்பவுண்டர் கிண்ணத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இவ்வளவு ஆழமா இருந்தா மீசை ரெண்டு பக்கமும் இடிக்கும் டெய்லர் சார். பூனைக்கு அது எரிச்சல். பிளாஸ்டிக்ல கீறல் விழுந்தா அழுக்கு தங்கி, தாடையில பரு வரும். அகலமா, ஆழமில்லாம, பீங்கான்ல வாங்குங்க. சாப்பாட்டையும் தண்ணியையும் ஒண்ணா வைக்காதீங்க. தண்ணி நாலு இடத்துல இருந்தா நல்லது. தினமும் கழுவணும்."

கிளம்பியவர் வாசலில் நின்று, டெய்லரின் மனைவியை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார். "இன்னொண்ணு. வெச்சா மட்டும் போதாது. பக்கத்துல உட்கார்ந்து நீங்களும் குடிக்கணும். பார்த்துப் பார்த்துத்தான் அது பழகும்."

டெய்லர் கழுத்திலிருந்த டேப்பை உருவினார். மேனேஜரை மடியில் போட்டு, மீசையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை அளந்தார். மேனேஜர் ஒரு கீறு கீறியது. அதையும் பொறுத்துக்கொண்டு அளந்தார். வளர்கிற மீசை என்று கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டார்.

பீங்கான் கடையில் ஒரு குழப்பம்.

"கிண்ணம் யாருக்கு சார்?"

"மேனேஜருக்கு."

"ஆபீஸ் கிஃப்டா? பேர் போட்டுத் தரவா?"

"பேரெல்லாம் வேண்டாம். மீசை இடிக்காம இருந்தா போதும்" என்று டேப்பை விரித்துக் கிண்ணம் கிண்ணமாக அளந்தார். கடைக்காரர் தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டே பில் போட்டார்.

கிண்ணங்கள் வந்தன. ஒன்று ஹாலில், ஒன்று படுக்கையறை ஜன்னலடியில், ஒன்று தையல் மெஷின் பக்கத்தில். டெய்லர் காலையில் எழுந்ததும் மூன்றையும் தேய்த்துக் கழுவி நிரப்பினார். ஒவ்வொன்றின் முன்னாலும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து, மேனேஜருக்குத் தெரிகிற மாதிரி மடக் மடக்கென்று குடித்தார்.

"பாரு ராஜா, அப்பா குடிக்கிறேன் பாரு. ஆஹா, என்ன ருசி!"

மேனேஜர் வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து அவர் குடிப்பதை மேற்பார்வை பார்த்தது. முடிந்ததும் எழுந்து போய்விட்டது.

"இன்னும் ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டுங்களேன்" என்பாள் மனைவி, சமையலறையிலிருந்து. "இப்போ நாக்கை லேசா நீட்டுச்சு, நான் பார்த்தேன்."

உடனே இன்னொரு டம்ளர். காலையில், சாப்பாட்டுக்கு முன், பட்டன் கட்டும்போது, சாயங்காலம் என்று நடந்தது. வாடிக்கையாளர்கள் அளவு கொடுக்க வந்தால், தரையில் உட்கார்ந்து பூனைக்குத் தண்ணீர் குடித்துக் காட்டும் டெய்லரைப் பார்த்துவிட்டுத் தயங்கி நின்றார்கள். அவருக்கோ அதையெல்லாம் பற்றிக் கவலையில்லை. ஒரே ஒரு தடவை மேனேஜர் கிண்ணத்தில் நாக்கை வைத்துவிட்டது. அன்றைக்கு அவர் தெருவில் போனவர்களிடம்கூடச் சொன்னார்.

ஸ்கேன் நாள் வந்தது. மனைவிக்குத் துணி துவைக்கிற வேலை இருந்ததால் தனியாகவே போனார். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் தன் கல்லின் ஞாபகம் வந்தது. பூனைக் கவலையில் அதைச் சுத்தமாக மறந்துவிட்டிருந்தார். சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்தது.

டாக்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கல் போயிடுச்சே! நல்லாத் தண்ணி குடிச்சீங்களா?"

"எங்கே டாக்டர்? எனக்குப் பூனையைப் பார்க்கவே நேரம் சரியா இருந்துச்சு."

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. பிழைத்தேன் என்ற சந்தோஷம் ஒரு பக்கம். மனைவி முன் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லப்போகும் அந்த ஒரு வாக்கியம் ஒரு பக்கம். ஹாலில் அவளைக் காணோம். அதுவரை தலைவைத்தும் படுக்காத கொல்லைப்புறத்துக்கே போய்விட்டார்.

"கல்லு போயிடுச்சு! பார்த்தியா, உன் பேச்சைக் கேட்டு ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கலை, ஆனாலும் போயிடுச்சு!"

துணி பிழிந்துகொண்டிருந்தவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஈரக்கையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது அவள் காலடியில் சளக் சளக்கென்று சத்தம் கேட்டது. டெய்லர் குனிந்து பார்த்தார். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் அகலமான ஒரு பழைய பீங்கான் தட்டு. அதன் முன்னால் மேனேஜர். சாவகாசமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

"இந்தத் தட்டு எப்போ வெச்சே?"

"மேனேஜர் நம்ம வீட்டுக்கு வந்த அன்னிக்கே வெச்சேனே. தினமும் இங்கேதான் குடிக்கும்."

"அப்போ கம்பவுண்டர் சொன்னது?"

"கிண்ணத்தைப் பத்திச் சொன்னதெல்லாம் அவர் சொந்தமா சொன்னது. வாசல்ல நின்னு சொன்னாரே, அது மட்டும் நான் சொல்லிக்கொடுத்தது."

டெய்லர் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அங்கே டேப் தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்போ... மீசைக்கெல்லாம் அளவெடுத்து வாங்கின அந்த மூணு கிண்ணம்?"

மனைவி ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். "அளவெடுத்தது என்னவோ பூனைக்குத்தாங்க. தைச்சது உங்களுக்கு."