மச்சானின் முட்டியும் மூன்று ரோஜாத் தொட்டிகளும்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, தங்களுடைய ஒரே தங்கையின் ஒரே கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கு நான் சௌக்கியமாக இருப்பதாகப் பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். அங்கு தாங்கள் சௌக்கியமா, தங்களுடைய வலது முட்டி சௌக்கியமா என்று அறிய மிகுந்த ஆவல். மற்ற விஷயங்களைப் பிறகு எழுதினாலும் பரவாயில்லை, முட்டியைப் பற்றி மட்டும் விவரமாக எழுதவும். மடங்குகிறதா, மடங்கினால் மறுபடி நிமிர்கிறதா, மாடிப்படி ஏறுகிறதா, ஏறினால் எத்தனை தடவை "அம்மா" என்கிறீர்கள், எல்லாவற்றையும் எழுதவும். அறுவை சிகிச்சை செய்த டாக்டர்கூடத் தங்கள் முட்டியை என்னளவுக்கு நினைத்துக்கொண்டிருக்க மாட்டார். தனியாக இருக்கிற அண்ணனைப் பார்த்துக்கொள்ள உங்கள் தங்கை பெட்டியோடு கிளம்பி வந்தபோது மழைக்காலம். இப்போது வெயிலில் தார் உருகுகிறது. ஒரு முட்டிக்கு இத்தனை பருவம் தேவையா என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற ஜாதி நானில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை நான் என் சொந்த ஆசையில் எழுதவில்லை. இது அலுவலக உத்தரவு. எங்கள் மேடம் எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன். ஆகவே உங்கள் தங்கையை உடனே அனுப்பிவைக்கும்படி நான் கேட்பதை என்னுடைய பலவீனமாக எடுத்துக்கொள்ளாமல் விஞ்ஞானத்தின் தேவையாக எடுத்துக்கொள்ளவும். விஞ்ஞானத்துக்கு அவள் எப்படித் தேவைப்பட்டாள் என்பதைத் தொடக்கத்திலிருந்து சொன்னால்தான் புரியும். காலை நீட்டி உட்கார்ந்து படியுங்கள். உங்களுக்கு வேறு வழியும் இல்லை.

என் வேலை தங்களுக்குத் தெரிந்ததுதான். பூந்தொட்டிச் செடிகளுக்குப் பூசணம் பிடித்தால் தெளிக்கிற மருந்துகள் கடைக்கு வருவதற்கு முன்னால் எங்களிடம் வரும். நாங்கள் பசுமைக்குடிலில் செடிகளை அடுக்கி, தெளித்துப் பார்த்து, இரண்டே கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். நோய் போகிறதா? செடி நிற்கிறதா? நோயும் போய் அதோடு செடியும் போய்விட்டால் அந்த மருந்து யாருக்கு வேண்டும்? மேடம் படித்தவர், திட்டம் போடுவார். நான் முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு தெளிப்பேன். ரோஜா, சாமந்தி, பிகோனியா என்று என் கை படாத பூவே கிடையாது. இப்படிப்பட்ட ஒரு மனுஷன் வீட்டு ஜன்னலில், உங்கள் தங்கை பார்த்துப் பார்த்து வளர்த்த மூன்று குட்டி ரோஜாத் தொட்டிகளுக்கு, அவள் கிளம்பிப் போன கொஞ்ச நாளிலேயே சாம்பல் நோய் வந்துவிட்டது. இலை முழுக்க யாரோ மாவு சலித்த மாதிரி வெள்ளை. இதை வெளியே சொல்ல முடியுமா?

காரணம் நான்தான், மச்சான். கிளம்பும்போது வாசலில் நின்று ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்க அடிக்கச் சொன்னாள். "வேருல ஊத்துங்க. இலை மேல ஊத்தாதீங்க. சாயங்காலம் ஊத்தவே ஊத்தாதீங்க." நானும் தலையை ஆட்டினேன். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பேசுவதற்கு ஆள் இல்லை. அந்த நேரத்துக்கு அவள் அந்தச் செடிகளிடம் ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள், நான் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குச் செடியோடு பேச வராது. அதனால் தண்ணீர் ஊற்றினேன். குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் உச்சியிலிருந்து ஊற்றினேன். ஜன்னலையும் சாத்திவைத்தேன், குளிரக்கூடாது என்று. ஈரமும் அடைப்பும் சேர்ந்தால் பூசணம் குஷியாக வளரும் என்பது எனக்குத் தெரியாதா? எங்கள் குடிலில் நோய் பிடிக்க வைக்க நாங்கள் செய்வதே அதுதான்!

மருந்தை வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்றால் சொட்டு மருந்துகூட எங்கள் வாசலைத் தாண்டக்கூடாது என்று சட்டம். மருந்து செடியிடம் வராவிட்டால் செடி மருந்திடம் போகட்டும் என்று எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்தச் சமயம் பார்த்து ரோஜாவுக்குப் புது மருந்து ஒன்று வந்திருந்தது. சோதனைக்கு வந்த செடிகளில் மூன்று லாரியிலேயே நசுங்கிப்போக, மேடம் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அதே ரகம் என் வீட்டுல இருக்கு மேடம், நோயும் இருக்கு" என்றேன். மறுநாள் நான் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோன தொட்டிகளை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு நல்லாப் பிடிச்சிருக்கு! நாங்களே பிடிக்க வெச்சாலும் இப்படி ஒரே சீரா வராதே, எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டார். இத்தனை வருஷ வேலையில் அவர் என்னைப் பாராட்டியது அன்றைக்கு மட்டும்தான்.

இங்கேதான் விதி விளையாடியது. சோதனையில் மூன்று வரிசை. மஞ்சள் அட்டை வரிசைக்குப் புட்டியில் அச்சிட்ட சரியான அளவு. சிவப்பு அட்டைக்கு இரண்டு மடங்கு, ஏனென்றால் வீட்டில் தெளிக்கிறவர்கள் 'இன்னும் கொஞ்சம் ஊத்தினா இன்னும் நல்லாக் கேக்கும்' என்று கையைத் தாராளமாக விடுவார்கள், அதையும் செடி தாங்குகிறதா என்று பார்க்கவேண்டும். வெள்ளை அட்டைக்கு வெறும் தண்ணீர். மருந்தே படாமல் செடி என்ன ஆகிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்காக. எந்தத் தொட்டி எந்த வரிசைக்கு என்பதைக் குலுக்கிப் போட்டுத்தான் எடுக்கவேண்டும், ஆள் பார்த்து வைக்கக்கூடாது. மேடம் சீட்டுகளைத் தன் தொப்பியில் போட்டுக் குலுக்கி என்னிடம் நீட்டினார். உங்கள் தங்கையின் முதல் தொட்டிக்கு எடுத்தேன், வெள்ளை. இரண்டாவதற்கு எடுத்தேன், வெள்ளை. மூன்றாவதற்குக் கண்ணை மூடிக்கொண்டு அடியிலிருந்து கிளறி எடுத்தேன், சிவப்பு. மஞ்சளுக்கு என் கை போகவே இல்லை.

வாரா வாரம் நான் என்ன செய்தேன் தெரியுமா, மச்சான்? ஊரான் வீட்டு ரோஜாவுக்கெல்லாம் பதமாக மருந்து தெளித்துவிட்டு, உங்கள் தங்கையின் செடிகளுக்கு நேராக வந்து நின்று, வெறும் தண்ணீரைத் தெளித்தேன். மஞ்சள் வரிசையில் சாம்பல் உதிர்ந்து புதுத் தளிர் வருகிறது, மொட்டு வைக்கிறது. எங்களுடையது நாளுக்கு நாள் வெளுக்கிறது. ஒரு தடவை கை மஞ்சள் கேனுக்குப் போய்விட்டது. யாரும் இல்லை. ஒரே ஒரு பீச்சு, யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் நான் தெளிக்கவில்லை. பொய்யாகத் தெளித்துப் பழகினால் நாளைக்கு எவன் வீட்டுச் செடியோ கருகும். கேனைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டேன்.

பொய்யெல்லாம் போனில்தான். உங்கள் தங்கை சாயங்காலம் பேசும்போது, "ரோஜா பூத்துச்சா?" என்பாள். "பூத்துக் குலுங்குது" என்பேன். "நான் இல்லாம கஷ்டமா இருக்கா?" என்பாள். "எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்" என்பேன். அது எப்படி வாயில் வருகிறது என்றே தெரியவில்லை, மச்சான், இருமல் மாதிரி தானாக வந்துவிடுகிறது. ஒருநாள் போட்டோ கேட்டாள். மஞ்சள் வரிசையில் செழித்து நின்ற செடி ஒன்றைப் பிடித்து அனுப்பினேன். உடனே போன். "நம்ம தொட்டி பச்சையாச்சே, இது கறுப்பா இருக்கே?" எங்கள் குடிலில் தொட்டியெல்லாம் கறுப்பு. "பச்சை வெளுத்துப்போச்சு, நான்தான் கறுப்பு பெயிண்ட் அடிச்சேன்" என்றேன். "நான் ஆசையா அடிச்ச பச்சை" என்றாள்.

சொன்ன பிறகு அடிக்காமல் இருக்க முடியுமா? திடுதிப்பென்று அவள் வந்து நின்றால்? (வரமாட்டாளா என்றும் இருந்தது.) மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், குடிலின் கதவைச் சாத்திவிட்டு, ஒரு டப்பா கறுப்பு பெயிண்டோடு உட்கார்ந்து மூன்று தொட்டிக்கும் அழகாக இரண்டு பூச்சு அடித்தேன். மிச்ச பெயிண்ட் டப்பாவை மூட மறந்து பலகைக்கு அடியில் விட்டுவிட்டேன். உச்சி வெயில், மூடிய கண்ணாடிக் கூடம், பெயிண்ட் ஆவி வெளியே போக வழியில்லை. விடிந்து போய்ப் பார்த்தால் மூன்று வரிசையிலும் இலைகள் தொங்குகின்றன, பூவிதழ் ஓரமெல்லாம் காய்ந்து சுருண்டிருக்கிறது.

மேடம் முதலில் மருந்தைச் சந்தேகப்பட்டார். பிறகு வெள்ளை வரிசையைப் பார்த்தார். "வெறும் தண்ணிக்கே இலை கருகுதே!" என்று கத்தினார். மருந்து படாத செடியும் வாடினால் குற்றம் மருந்தின்மேல் இல்லை, அதற்காகத்தானே அந்த வரிசையே இருக்கிறது! ஆகவே தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார். தண்ணீர்த் தொட்டியைக் கழுவச் சொன்னார், கழுவினேன். குழாயை மாற்றச் சொன்னார், மாற்றினேன். மருந்துக் கம்பெனியிலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் வந்து நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார், பாவம், அவர் பிழைப்பே அந்தப் புட்டியில் இருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்த பிறகு எனக்குத் தாங்கவில்லை. பலகைக்கு அடியில் குனிந்து டப்பாவை எடுத்து மேடம் மேஜையில் வைத்தேன்.

"இது என்ன?"

"பெயிண்ட் மேடம்."

"யார் அடிச்சது?"

"நான்தான் மேடம்."

"குடிலுக்குள்ளயா? சோதனை நடக்கும்போதா? எதுக்கு?"

என் வாயில் வந்தது இதுதான். "என் வீட்டுக்காரி ஊர்ல இல்ல மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கோட்டுக்காரர் வெளியே பார்க்கத் தொடங்கினார். நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மடை உடைந்த மாதிரி எல்லாம் கொட்டிவிட்டது. வேலை முடிந்து மருந்து வாசனையோடு வீட்டுக்குப் போனால் அவள் உள்ளேயிருந்தே, "அங்கயே நில்லுங்க, கை கால கழுவிட்டு வாங்க" என்று அதட்டுவாள். இப்போது அதட்ட யாரும் இல்லை, நேராக உள்ளே போகலாம், ஆனாலும் நான் வாசற்படியிலேயே நிற்கிறேன், யாராவது நில்லுங்க என்று சொல்வார்களா என்று பார்க்கிறேன், பிறகுதான் உறைக்கிறது என்று சொன்னேன். சட்டைப் பொத்தான் அறுந்தால் தைக்கத் தெரியும் மேடம், சமைக்கத் தெரியும், அடுப்பில் வைத்ததை மறக்காமலிருந்தால் அது அடிப்பிடிப்பதும் இல்லை, தனியாக இருக்கத்தான் தெரியவில்லை என்று சொன்னேன். கட்டிலில் அவள் பக்கத்துத் தலையணையை நான் தொடுவதில்லை, அவள் தலை பதிந்த குழி நிமிர்ந்துவிடும் என்று சொன்னேன். சோதனைக்கு வைத்த வெள்ளை வரிசை மாதிரி நிற்கிறேன் மேடம், தினம் ஒரு போன் வருகிறது, வெறும் தண்ணீர் தெளித்துவிட்டுப் போகிறது என்றும் சொல்லிவிட்டேன். கம்பெனிக்காரர் மூக்கை உறிஞ்சினார். பெயிண்ட் வாசனையாக இருக்கலாம்.

"இதெல்லாம் அவங்ககிட்ட சொன்னீங்களா?" என்று மேடம் கேட்டார்.

"இல்ல மேடம்."

"அப்புறம் எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?" பேனாவை எடுத்தார், வைத்தார். "இந்தச் சோதனை செல்லாது. புதுச் செடி வரவழைச்சு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அவங்க வர்ற வரைக்கும் நீங்க குடில் பக்கம் வரக்கூடாது. ஸ்டோர்ல புட்டி துடைங்க. போன்ல உங்களுக்குச் சொல்ல வராதுன்னா, லெட்டர் போடுங்க."

இதுதான் நடந்தது. மருந்து பட்ட செடி வெளியே போகக்கூடாது என்பதால் சிவப்பு வரிசைத் தொட்டியைக் கழிவு எரிக்கிற சூளையில் போட்டார்கள். வெள்ளை வரிசைத் தொட்டிகள் இரண்டும் மறுபடி ஜன்னலுக்கு வந்துவிட்டன. வெளுத்த இலைகளைக் கிள்ளிவிட்டேன், காலையில் வேரில் மட்டும் ஊற்றுகிறேன், ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன். பிழைக்குமா என்று கேட்டால் தெரியாது. நான் புட்டி துடைத்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே மச்சான், இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் உங்கள் தங்கையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நான் ராஜா மாதிரி இல்லை. அவள் வரவேண்டும். திட்டிக்கொண்டே வந்தாலும் சரி, அவள் வந்தால் போதும்.

தங்கள் முட்டிக்கு நூறு வயதும் அதைத் தாங்குகிற தங்களுக்கு அதற்கு மேலும் ஆயுள் கிடைக்க வேண்டிக்கொள்கிறேன். அக்கம்பக்கத்தில் என்னை விசாரிப்பவர்கள் இருந்தால் அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். விசாரிக்காதவர்களுக்கும் சொல்லவும்.

இப்படிக்கு,
தற்போது ஸ்டோரில் இருக்கும்
தங்கள் அன்புத் தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. உங்கள் தங்கைதான். "அண்ணனுக்கு இப்பத் தேவலை. ஞாயித்துக்கிழமை கிளம்பி வந்துடட்டுமா? நீங்க என்ன சொல்றீங்க?" என்று அவளே கேட்டாள். மச்சான், இவ்வளவையும் எழுதி முடித்த காகிதம் என் கையில் இருக்கிறது. வா என்று ஒரு எழுத்து சொன்னால் போதும். என் நாக்கில் சனி உட்கார்ந்திருக்க வேண்டும். "இப்ப என்ன அவசரம்? அவர் நல்லா நடக்கட்டும். இங்க எனக்கு ஒரு குறையும் இல்ல" என்று சொல்லிவிட்டேன். "சரி, அப்ப இருந்து பாத்துட்டே வரேன்" என்று வைத்துவிட்டாள். இனி இந்தக் கடிதத்தை எந்த முகத்தோடு அவளிடம் காட்டச் சொல்வது? காட்டவேண்டாம். மேலே எழுதியது எதையும் சொல்லவும் வேண்டாம். இது கிடைத்த அன்றைக்கே, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எதையும் பிடிக்காமல் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நாலு நடை நடந்து காட்டுங்கள். வலித்தால் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள், மச்சான்.