பொன்னையா நடக்காமல் இருந்த கதை

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் முப்பது வருஷம் டைம்கீப்பராக இருந்தவர் பொன்னையா. எல்லா பஸ்ஸையும் நேரத்துக்குக் கிளப்பிவிட்டார். தான் மட்டும் கதிரையை விட்டுக் கிளம்பவில்லை. ஓய்வு பெற்று அம்பிட்டிய மேட்டிலிருந்த வீட்டுக்கு வந்தபோது கதிரை மாறியது, உட்கார்ந்தது மாறவில்லை.

அறுபத்தொன்றாவது வயதில் அவருடைய இரத்தத்தில் வெள்ளையணுக்கள் அளவுக்கு மீறிக் கூடியிருப்பது தெரிந்தது. பேராதனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நாட்பட்ட லுக்கேமியா, ஆனால் மெதுவாக நகரும் ரகம் என்றார்கள். இரத்தப் புற்றுநோய் என்று கேட்டதும் பொன்னையாவுக்குப் பாதி உயிர் போயிற்று. கிளினிக்கில் டொக்டர் டிலானி அடுத்துச் சொன்ன வார்த்தைதான் உயிரைத் திருப்பித் தந்தது.

"இப்போதைக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை. நாலு மாதத்துக்கு ஒருமுறை வாங்க, பார்த்துக்கொண்டிருப்போம்."

ஒன்றும் செய்யத் தேவையில்லை! பொன்னையா பிறந்த நாளிலிருந்து கடைப்பிடித்து வரும் கொள்கையை, படித்த ஒருவர் முதல் தடவையாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் அதைச் சட்டமாக்கிவிட்டார்.

மனைவி அங்கம்மா காலையில் இடியப்பம் அவித்து, கீழே சந்தியிலுள்ள கடைகளுக்கும் த்ரீவீல் ஸ்டாண்டுக்கும் கொடுக்கிறவள். விடிய முன்பே அடுப்போடு மல்லுக்கட்டுகிறவள்.

"தேங்காயத் துருவித் தாங்களேன்."

"டொக்டர் ஒண்ணும் செய்யக்கூடாதுன்னுட்டாங்க."

"இந்த ஜன்னலயாவது சாத்துங்க."

"அதுவும் ஒண்ணுதானே?"

நாலு மாதத்தில் அவருடைய சாரம் இடுப்பில் நிற்க மறுத்தது. அடுத்த கிளினிக்குக்கு அங்கம்மாவும் புறப்பட்டாள்.

"கூட்டமா இருக்கும். ஒனக்கு என்னாத்துக்குச் சிரமம்?"

"வீட்டுல இருந்தா மட்டும் எனக்குச் சிரமம் இல்லயா? நடங்க."

டொக்டர் டிலானி இரத்தம் எடுக்கச் சொன்னார். எடை பார்த்தார், இடுப்பை அளந்தார். பிறகு ஆஸ்பத்திரி நடைபாதையில் ஆறு நிமிஷம் நடக்கவிட்டு, எவ்வளவு தூரம் போகிறார் என்று கணக்கெடுத்தார். முந்நூற்று இருபது மீட்டர். அதிலும் இரண்டு தடவை மூச்சு வாங்கி நின்று, சுவரிலிருந்த போஸ்டரைப் படிப்பதுபோல் பாவனை செய்தார். அது தாய்ப்பாலின் அவசியம் பற்றியது.

"வெள்ளையணு போன தடவை மாதிரியே இருக்கு. அதை நான் பார்த்துக்கொள்றேன்," என்றார் டொக்டர். "எனக்குப் பயம் உங்கட வயிறுதான். சீனி கூடிட்டு, பிரஷர் கூடிட்டு. என்றைக்காவது மருந்து தொடங்க வேண்டி வந்தால், அதை உடம்பு தாங்க வேணுமே? இந்த உடம்பு தாங்காது. தினமும் நடக்க வேணும்."

"நீங்கதானே டொக்டர், ஒண்ணும் செய்ய வேணாம்னு..."

"மருந்து விஷயத்தில் சொன்னேன்."

'தாங்காது' என்ற சொல் அங்கம்மாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பொன்னையாவுக்குள் அது நுழையவே இல்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் தொடங்கியது.

"நாளையிலருந்து காலையில கண்டிக் குளத்தச் சுத்தி நடக்கணும்."

"பாப்பம். நடக்கிறது நடக்கட்டும்."

"எல்லாந்தான் நடக்குது. நீங்கதான் நடக்கல."

"களைப்பா இருக்கே அங்கம்மா. இந்த நோய்ல களைப்பு வரும்னு அவங்களே சொன்னாங்கள்ல?"

"நடந்தா அந்தக் களைப்பு கொறையும்னும் சொன்னாங்க. ஆறு மணிக்கு எழுப்புவேன்."

பொன்னையா யோசித்தார். மறுத்தால் சண்டை. போனால் நடை. அதனால் போவது, ஆனால் நடக்காமலிருப்பது என்று தீர்மானித்தார். இப்படி ஒரு தந்திரம் தனக்கு உதித்ததில் அவருக்கே கொஞ்சம் பெருமை.

மறுநாள் வெள்ளை கேன்வாஸ் சப்பாத்து மாட்டிக்கொண்டு வீரமாக இறங்கினார். மேட்டுப் படிக்கட்டு முடியும் இடத்தில் லாபிரின் தேநீர்க் கடை. பின்பக்கம் ரொட்டி அடுக்கிய பாண் அலுமாரிக்கு அருகே ஒரு மேசை. அங்கே இரண்டு ரோல்ஸ், சீனி தூக்கலாக ஒரு பால் தேநீர், முக்கால் மணி நேரம் பேப்பர். எழும்பும்போது குழாயில் முகத்தையும் கழுத்தையும் நனைத்துக்கொள்வார். அதுதான் வியர்வை.

"டைம்கீப்பர், ஒங்கட வீட்டுல தெரிஞ்சா என்ட கடைக்குத்தான் கேடு," என்றார் லாபிர்.

"நீங்க சொல்லாட்டி எப்பிடித் தெரியும், லாபிர் நானா?"

எட்டு நாள் தடையின்றிப் போயிற்று. ஒன்பதாம் நாள் ரோல்ஸை வாயில் வைத்த நேரம் வாசலில் குரல் கேட்டது.

"லாபிர் நானா, தேங்கா இருக்கா?"

அங்கம்மா! பொன்னையா பாண் அலுமாரிக்குப் பின்னால் ஒடுங்கினார். வயிறு ஒடுங்க மறுத்தது. அவள் தேங்காயைத் தட்டித் தட்டிப் பார்த்து, ஆற அமரப் பேசி, கால் மணி நேரம் கழித்துத்தான் போனாள். பார்க்கவில்லை. தப்பித்தோம் என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார். ஆனால் இனி அங்கே இருக்க முடியாது.

அடுத்து குளத்தடியில் ஒரு பேக்கரி. தூரம்தான். த்ரீவீலில் போகலாமென்றால் ஸ்டாண்டில் நிற்கிற அத்தனை பேரும் அங்கம்மாவின் இடியப்பத்தைத் தின்கிறவர்கள். பஸ்ஸில் போகலாமென்றால் பஸ் நிற்கும் ஹோல்ட்டுக்கு எதிரே அவளே கூடையோடு நிற்பாள். வேறு வழியில்லை. நடந்துதான் போனார். உடற்பயிற்சிக்காக அல்ல, உடற்பயிற்சியிலிருந்து தப்புவதற்காக. அந்த வித்தியாசம் அவருக்கு முக்கியம்.

பேக்கரியில் இரண்டு வாரம். பிறகு ஒருநாள் கண்ணாடிக்கு வெளியே பழக்கமான பூப்போட்ட குடை வந்து நின்றது. பொன்னையா சப்பாத்து லேஸ் கட்டுகிற சாக்கில் மேசைக்கடியில் புகுந்தார். தலை இடித்தது. குடை உள்ளே வந்தது, ஈஸ்ட் விலை கேட்டது, போய்விட்டது. இடியப்பத்துக்கு எதற்கு ஈஸ்ட் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அதற்கப்புறம் பழைய ராஜ்யத்துக்கே போனார். குட்ஷெட் கன்டீன். குளக்கரை முழுவதும் கடந்து, டவுனையும் கடந்து போகவேண்டும். பழைய கூட்டாளிகள் இருந்தார்கள், அரட்டை இருந்தது. அங்கே போய்ச் சேர்வதற்குள் மணி ஓடிவிடும். ரோல்ஸ் தின்ன நேரமில்லை, ஒரு பிளேன்டீயோடு திரும்பவேண்டியதாயிற்று. திரும்பி வருவது பஸ்ஸில்தான். ஆனால் வீட்டு ஹோல்ட்டில் இறங்கினால் பார்த்துவிடுவாள் என்று இரண்டு ஹோல்ட் முன்னாலேயே இறங்கி, குறுக்குப் படியில் விறுவிறுவென்று ஏறுவார். முகம் கழுவ வேண்டியிருக்கவில்லை. வியர்வை தானாக வந்தது.

வீட்டில் இன்னொரு மாற்றம். தட்டில் சோறு குறைந்து, கீரையும் பருப்பும் ஏறின. தேநீரில் சீனி காணாமல் போயிற்று. வேறு நாளாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பார். ஆனால் மனசுக்குள் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறவர் சோற்றுக்குச் சண்டை பிடிப்பாரா? பேசாமல் தின்றார்.

ஒருநாள் கன்டீன் வாசலில் அதே குரல்.

"தம்பி, நுவரெலியா பஸ் எத்தனை மணிக்கு?"

நுவரெலியாவில் அவர்களுக்கு யாருமில்லை. அதையெல்லாம் யோசிக்க ஏது நேரம்? பொன்னையா பின்கதவால் பாய்ந்து, நின்றுகொண்டிருந்த கம்பளை பஸ்ஸில் ஏறிக் கடைசி சீட்டில் குனிந்தார். முப்பது வருஷம் அவர் கெஞ்சியும் திட்டியும் ஒருநாளும் நேரத்துக்குப் புறப்படாத கம்பளை பஸ், அன்றைக்குச் சொல்லி வைத்தாற்போல் புறப்பட்டது. இரண்டு மைல் தள்ளி, கெட்டம்பேயில்தான் இறங்க முடிந்தது. அவசரத்தில் பர்ஸைக் கன்டீன் மேசையிலேயே விட்டுவிட்டார். கண்டக்டர் பழைய முகம் பார்த்து, காசு கேட்காமல் இறக்கிவிட்டான். வந்த வழியெல்லாம் நடந்தார்.

கடைசியில் ரயில் ஸ்டேஷனுக்கு அப்பால், மேட்டில் ஏறும் ரோட்டோரத்தில் ஓர் இடம் பிடித்தார். இந்த உச்சிக்கு அவள் வரவே மாட்டாள். ஒரே குறை, அங்கே பெட்டிக்கடை வைத்திருந்த சித்தி றலியா என்ற பெண் விற்றது இலைக்கஞ்சியும் அவித்த கடலையும் மட்டும்தான். பொன்னையா முதல் நாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். ஏறி வந்த பசியில் இரண்டாம் நாள் இரண்டு கோப்பை கேட்டார்.

இப்படியாக நாலு மாதம். ஒருநாள்கூட உடற்பயிற்சி செய்யாமல் அவர் ஓட்டிவிட்டார்.

கிளினிக் நாள் வந்தது. நடைபாதையில் மறுபடி ஆறு நிமிஷம். நானூற்று அறுபது மீட்டர். போஸ்டர் பக்கம் திரும்பவே இல்லை. இடுப்பில் ஏழு சென்டிமீட்டர் போயிருந்தது. சீனியும் பிரஷரும் இறங்கியிருந்தன.

டொக்டர் டிலானி கிளினிக் கொப்பியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "வெள்ளையணு அப்படியேதான் இருக்கு. நடையால் அது குறையும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்த உடம்பு வேற உடம்பு. நாளைக்கு மருந்து தேவைப்பட்டாலும் எனக்குப் பயமில்லை. என்ன செய்தீங்க பொன்னையா?"

"ஒண்ணும் செய்யல டொக்டர்," என்றார் பொன்னையா. உண்மையைத்தான் சொன்னார்.

அங்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாலு மாதமாக உள்ளே உட்கார்ந்திருந்த சொல் அப்போதுதான் எழுந்து போயிற்று.

திரும்பும் பஸ்ஸில் பொன்னையாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெற்றியை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். பக்கத்தில் இருந்தவள் அவள்தான்.

"அங்கம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்க."

"ஒருநாகூட நான் குளத்தச் சுத்தல. ஒன்னய நல்லா ஏமாத்திட்டேன்."

அவள் கோபிக்கவில்லை. கைவிரலை மடக்கினாள்.

"எட்டு நாள் லாபிர் நானா கடை. ரெண்டு வாரம் பேக்கரி. அங்க மேசையில தலய இடிச்சிக்கிட்டீங்க. அப்பறம் குட்ஷெட். இப்ப சித்தி றலியா."

பொன்னையா சீட்டில் முழுசாக அவள் பக்கம் திரும்பினார்.

"லாபிரா சொன்னாரு?"

"மொத நாளே சொல்லிட்டாரு. அப்பறம் நீங்க போற எடமெல்லாம் த்ரீவீல்காரங்க சொன்னாங்க. நீங்க ஒரு எடத்துல ஒட்காந்துட்டா நான் வந்து நிப்பேன். நீங்க இன்னுங் கொஞ்சம் தள்ளிப் போவீங்க."

"அப்ப அந்த நுவரெலியா பஸ்?"

"என்னா செய்ய? நடங்கன்னா நீங்க நடக்கமாட்டீங்க. தொரத்துனாத்தான் ஓடுவீங்க."

பஸ் குளக்கரையைச் சுற்றி வந்தது. பொன்னையா ஜன்னல் வழியாகத் தான் ஒருநாளும் சுற்றாத குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோற்றவனுக்குரிய மரியாதையோடு கேட்டார்.

"இனிமே என்னா செய்யிறது?"

அங்கம்மா குடையை மடியில் சரிசெய்துகொண்டாள்.

"ஹந்தானை மலை உச்சியில ஒரு கடை இருக்காம், ரோல்ஸ் நல்லாருக்குமாம். நாளைக்கு எனக்குத் தெரியாமப் போய்ட்டு வாங்க."