கீழே ஒப்பமிட்டவர் மேல் ஒரு பெட்டிசம்

வன்னி முழுவதிலும் பெட்டிசத்தாரின் சந்தேகத்துக்குத் தப்பிய உயிர் ஒன்றுகூடக் கிடையாது. இரணைமடுக் குளத்து முதலை மட்டும் தப்பியது என்று சிலர் சொல்வார்கள். அதுவும் பிழை. அணைக்கட்டுக் காவற்காரர் பகலில் நித்திரை கொள்ளும் மரத்துக்கு இருபது முழம் தள்ளித்தான் அந்த முதலை வெயில் காய்கிறது, ஆனால் ஒருநாளும் அவரைத் தொடவில்லை, ஆகவே இருவருக்கும் இடையில் என்ன ஏற்பாடு என்று விசாரிக்கக் கேட்டு பெட்டிசத்தார் எழுதிய புகார் மனுவை, அதாவது பெட்டிசத்தை, என் கையாலேயே பைலில் போட்டிருக்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் கிளிநொச்சிப் பக்கத்தில், அரசாங்கத்துக்காகப் பிரிவை நிர்வகிக்கும் காரியாதிகாரியின் கந்தோரில் நான் காணிப் பகுதிக் கிளாக்கர். பெட்டிசத்தார் வாய்க்கால், மதகு வேலைகளை மேற்பார்த்து இளைப்பாறிய நீர்ப்பாசன ஓவசியர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, தர்மபுரத்துக்கு இந்தப் பக்கம் குடியேற்றக் காணி எடுத்து, மனைவி கனகம் அக்காவோடு வயல் செய்துகொண்டிருந்தார். பிள்ளைகள் இல்லை. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. எழுதுகிற ஒவ்வொரு பெட்டிசத்தின் அடியிலும் அதை முழுதாக எழுதி, கோடு இழுத்து ஒப்பம் வைப்பார். பெயர் போடாமல் மொட்டைப் பெட்டிசம் எழுதுகிறவர்களை அவர் மனிதராகவே மதிப்பதில்லை. இருந்தும் ஊர் அவரைப் பெட்டிசத்தார் என்றே சொன்னது.

செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு அவருடைய சைக்கிள் மணி கேட்கும். உடனே எங்கள் கந்தோரில் பாதிப் பேருக்கு வெளியில் வேலை வந்துவிடும். பூநகரி பஸ் ஏழு நிமிடம் முந்திப் போவது, சங்கக்கடைச் சீனியில் ஈரம், தபால் கந்தோரில் கடித உறைகளை ஆவி காட்டித் திறப்பது, ஆஸ்பத்திரி அப்போதிக்கரியின் கலவை மருந்தில் தண்ணீர் கூடியது என்று விஷயத்துக்குக் குறைவில்லை. எழுதிய பந்தி ஒவ்வொன்றுக்கும் இலக்கம் இருக்கும். நாலு பிரதி இருக்கும். பதில் போடாவிட்டால், பதில் போடாதது பற்றி அடுத்த செவ்வாய் ஒன்று வரும்.

அதைத் தூக்கி எறியவும் முடியாது. ஒருமுறை புது மதகு ஒன்றில் சீமெந்தைவிட மணல்தான் அதிகம் என்று எழுதினார். காரியாதிகாரி சிரித்துக்கொண்டு போய்ப் பார்த்தார். கைத்தடியால் தட்டியதும் மதகின் ஒரு மூலை கையோடு வந்தது. அன்றிலிருந்து அவர் எழுதினால் நாங்கள் எழுந்து நின்று வாசிக்காத குறை.

இந்த லட்சணத்தில்தான் மூக்குக்கண்ணாடிப் பெட்டிசம் வந்தது. மேசையில் வைத்த கண்ணாடியை வீட்டு நிலவரம் தெரிந்த ஒருவர் களவெடுத்துவிட்டார் என்று எழுதியிருந்தார். இரண்டு கிழமையில் குடை போனது. பிறகு வெற்றிலைப் பெட்டி. சந்தியில் இரும்புக்கடை வைத்திருந்த முல்லைத்தீவு முஸ்லிம் வியாபாரி நானாவிடம் ஆறு பூட்டு வாங்கி, அலுமாரி, குசினி, நெற்பெட்டி எல்லாவற்றையும் பூட்டினார். பூட்டுத் திறப்புகளைக் கள்ளர் கண்டுபிடிக்காத இடத்தில் வைத்தார். கள்ளர் மட்டுமல்ல, அவரும் கண்டுபிடிக்கவில்லை. எல்லாப் பூட்டுக்கும் மறு திறப்புச் செய்து நானா வைத்திருக்கிறார் என்று அடுத்த பெட்டிசம் போனது. நானா பாவம், அவருக்கு இருபது வருடச் சிநேகிதர்.

கனகம் அக்காவின் பாடு இன்னும் மோசம். கண்ணாடி உமிப் பானைக்குள் கிடந்தது. குடை பரணில். திறப்புக் கொத்து தேயிலைப் பேணிக்குள். அக்கா தேடி எடுத்துக் கொடுத்தால், எடுத்தபடியால்தானே எங்கே இருக்கிறதென்று தெரிகிறது என்று கேட்டார் மனிதர். முப்பத்தைந்து வருடம் சோறு போட்ட மனுசி இப்படித்தான் சந்தேக நபர் ஆனார்.

அதற்குப் பிறகு வந்தது காணிப் பெட்டிசம். குடியேற்றக் காணி அரசாங்கத்தினுடையது. பேமிற் என்ற அனுமதிப் பத்திரம் எடுத்தவர் உயிரோடு இருக்கும்வரை வயல் செய்யலாம். அவருக்குப் பிறகு யார் என்று பேமிற்றில் ஒரு பெயர் எழுதியிருக்கும். அந்தப் பெயரை வெட்ட வேண்டுமென்றால் காரியாதிகாரிக்கு முன்னால் ஒரு படிவத்தில் ஒப்பமிட்டால் போதும். இவருடைய பேமிற்றில் இருந்தது கனகம் அக்காவின் பெயர். அவருடைய சீதன வீட்டு வளவை விற்றுத்தான் அவர்கள் இங்கே காடு வெட்டினார்கள். அந்தப் பெயர் போனால் கனகம் அக்காவுக்குப் போக்கிடம் கிடையாது.

அதைத்தான் வெட்டச் சொன்னார் பெட்டிசத்தார். "என் வீட்டில் நடமாடும் ஒரு பெண்மணி" என்று தொடங்கி, அவருக்குப் பதிலாக மேன்மைதங்கிய அரசாங்கத்தின் பெயரை எழுதும்படி கேட்டிருந்தார். அரசாங்கக் காணியை அரசாங்கத்துக்கே எழுதிவைக்கக் கேட்ட வேறு மனிதரை நான் கண்டதில்லை. சிரிக்கத்தான் வந்தது. சிரிக்க முடியவில்லை.

கந்தோரில் படிவம் தீர்ந்துவிட்டது என்றேன். அடுத்த கிழமையும் அதையே சொன்னேன். மூன்றாம் கிழமை, காணிப் பகுதிக் கிளாக்கர் படிவங்களை மேசை லாச்சிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார் என்று என்மேலேயே பெட்டிசம் வந்தது. உண்மையைச் சொன்னால், அவை அங்கேதான் இருந்தன.

இந்த நேரத்தில்தான் அப்போதிக்கரி ஒரு கட்டுக் கடுதாசியோடு வந்தார். சிறிய ஆஸ்பத்திரியைத் தனியாக இழுத்துக்கொண்டிருந்த மனிதர். தன்மேல் வந்த பெட்டிசங்கள் பதினாலையும் மருந்துச் சீட்டுகள்போலத் திகதி வாரியாகக் கட்டி வைத்திருந்தார்.

"தம்பி, இந்தாள் சந்தேகப்படுறது புதிசில்லை. பிழையாச் சந்தேகப்படுறதுதான் புதிசு" என்றார்.

பிறகு விரித்துக் காட்டினார். முதல் ஏழிலும் அப்பழுக்கில்லை. எட்டாவதில் மூன்றாம் இலக்கப் பந்தி இரண்டு தரம் வந்தது. பதினோராவதும் பன்னிரண்டாவதும் ஒரே கிழமையில் எழுதிய ஒரே பெட்டிசம், ஒரு சொல்கூட மாறவில்லை. கடைசிப் பெட்டிசத்தில் விலாசமாக அவர் பிறந்த ஊர் இருந்தது. வைத்ததை மறக்கிறார், வைத்தேன் என்பதையும் மறக்கிறார், வைத்த பொருள் காணாமல் போனால் ஒரு கள்ளன் வேண்டும்தானே, தன்னைத் தானே கள்ளனென்று யார் நினைப்பார்கள் என்று கேட்டார் அப்போதிக்கரி. இரத்தக் குறைவாலும் வேறு சில வருத்தங்களாலும்கூட இப்படி வரலாம், அதுவானால் மருந்து உண்டு, எதற்கும் யாழ்ப்பாணத்துப் பெரிய டாக்குத்தர் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

அவரை அனுப்புவது எப்படி? பெட்டிசக்காரர்கள் கண், காது, இரத்தம் சோதிக்க வேண்டுமென்று சுற்றறிக்கை வந்திருப்பதாக நான் ஒரு புளுகு விட்டேன். இலக்கம் கேட்டார். கைக்கு அகப்பட்ட ஒரு பழைய இலக்கத்தைச் சொன்னேன்.

"அது மாட்டுக்குக் குறி சுடுறது பற்றினதெல்லோ" என்றார்.

குடையை எங்கே வைத்தேன் என்று தெரியாத மனிதருக்குப் பதினைந்து வருடத்துக்கு முந்திய மாட்டுச் சுற்றறிக்கை மனப்பாடம். ஆனாலும் போனார். நாங்கள் என்ன சூழ்ச்சி செய்கிறோம் என்று கண்டுபிடிக்கத்தான் போனார்.

மூன்று நாளில் டாக்குத்தரின் கடிதத்தோடு கனகம் அக்கா அவரைக் கூட்டிவந்தார். வேறு நோய் எதுவும் இல்லை. இது மறதி வருத்தம்தான். சுகமாக்க மருந்தில்லை. ஆனால் நேரத்தோடு கண்டுபிடித்தது நல்லது, இன்றைக்கு அவருக்கு விளங்குகிறது, வருங்காலம் பற்றி ஏதும் முடிவெடுக்க வேண்டுமென்றால் இப்போதே எடுக்கட்டும் என்று எழுதியிருந்தது. அவருக்கு விளங்குகிறது என்றால், அவர் கேட்கிற படிவத்தை மறைக்க எனக்கு என்ன உரிமை?

ஆஸ்பத்திரி மர வாங்கில் இருந்துகொண்டு பெட்டிசத்தார் அப்போதிக்கரியை நேராகக் கேட்டார். கனகம் அக்கா பக்கத்தில் இருந்தார். நான் வாசலில் நின்றேன்.

"என்னிலை என்ன பிழை? மறைக்காமல் சொல்லும்."

"மறதி வருத்தம், ஐயா. மெல்ல மெல்லக் கூடும்."

"அத்தாட்சி?"

அப்போதிக்கரி பதினாலு கடுதாசியையும் மேசையில் வரிசையாகப் பரப்பினார். பெட்டிசத்தார் எழுந்து, மதகு பார்க்கிற ஓவசியராக ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தார். எட்டாவதில் நின்றார். பன்னிரண்டாவதை எடுத்துப் பதினோராவதன் மேல் வைத்து, வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"இதை ஆர் எழுதினது?"

"ஐயாதான்."

இரண்டையும் திரும்ப மேசையில் வைத்தார். பிறகு மதகு கட்டும் கொந்தராத்துக்காரர்களுக்குச் சொல்லும் அதே குரலில், "வேலை சரியில்லை" என்றார். அந்த மனிதருக்கு யார் சொன்னாலும் நம்பிக்கை வராது. அத்தாட்சியை மட்டும் அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. கனகம் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"குடை எங்கை கிடந்தது?"

"பரணிலை."

"ஆர் வைச்சது?"

கனகம் அக்கா சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிசத்தார் அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய் ஒன்பதரைக்கு மணி கேட்டது. நான் லாச்சியைத் திறந்து படிவத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டேன். அவர் அதைத் தொடவில்லை. காரியாதிகாரிக்கு முன்னால் போய் நின்று, மடித்த கடுதாசி ஒன்றைக் கொடுத்தார். காரியாதிகாரி வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"1. கீழே ஒப்பமிடும் எனக்கு, கீழே ஒப்பமிடும் என்மேல் பலத்த சந்தேகம் உண்டு. 2. மேற்படியார் தன் பொருள்களைத் தானே ஒளித்துவிட்டு, இரும்புக்கடைக்காரர் மேலும் தன் மனைவி மேலும் பழி போட்டு வருகிறார். 3. மேற்படியார் தன் மனைவி கனகத்தின் பெயரைப் பேமிற்றில் வெட்டச் சொல்லி இனி எத்தனை பெட்டிசம் கொடுத்தாலும், எவ்வளவு கோபித்தாலும், அதன்படி நடக்க வேண்டாம். 4. ஆயினும் பதில் போடத் தவறக் கூடாது."

நாலாம் இலக்கம் முதலில் மூன்று என்றுதான் இருந்தது. அதை வெட்டி, நாலு எழுதி, பக்கத்தில் சிறு ஒப்பமும் திகதியும் வைத்திருந்தார்.

இப்படி ஒன்றுக்குச் சட்டத்தில் இடமுண்டோ என்று காரியாதிகாரி புத்தகம் புரட்டவில்லை. தானும் ஒப்பமிட்டு, டாக்குத்தரின் கடிதத்தோடு சேர்த்துப் பேமிற் பைலின் முதல் தாளாகக் குத்தச் சொன்னார். நான் படிவத்தைத் திரும்ப லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.

அதோடு அவர் சுகமாகிவிட்டார் என்று நினைக்காதீர்கள். வருத்தம் தன் வழியில் போனது. நாங்கள் அதற்குப் பக்கத்தில் நடக்கப் பழகினோம். குடைக்குச் சுவரில் ஓர் ஆணி, கண்ணாடிக்கு ஒரு தட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே இடம், ஒரே நேரம் என்று அப்போதிக்கரி சொல்லிக் கொடுத்தார். எதிர்த்துப் பேசக் கூடாது, தேடி எடுத்தும் கொடுக்கக் கூடாது, அவர் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட வேண்டும் என்றார். ஏதாவது காணாமல் போனால் கனகம் அக்கா தாளும் பேனையும் எடுத்து, "சொல்லுங்கோ, பெட்டிசம் எழுதுவம்" என்பார். தேத்தண்ணி முடிவதற்குள் என்ன தொலைந்தது என்பதே மறந்துபோகும். நானா ஆறு பூட்டையும் திரும்ப வாங்கிக்கொண்டார். ஒருநாள் பெட்டிசத்தார் கந்தோருக்கு வருகிற வழி மாறிப் பூநகரி றோட்டில் போய்விட்டார். அதற்குப் பிறகு நானா செவ்வாய்தோறும் கடையைச் சாத்திவிட்டுப் பின்னால் சைக்கிளில் வந்தார். ஓர் இரும்புக்கடைக்காரர் தன்னைப் பின்தொடர்வதாக அதற்கும் பெட்டிசம் வந்தது. விசாரித்ததில் உண்மை என்று பதில் போட்டோம்.

கனகம் அக்காவின் பெயரை வெட்டக் கேட்டும் அடிக்கடி வந்தது. நான் திகதி முத்திரை குத்தி, பதிலைக் கையிலேயே கொடுப்பேன். இதே விஷயம் பற்றி நம்பத்தகுந்த ஒருவர் ஏற்கெனவே எழுதியிருப்பதால் தங்கள் கோரிக்கை விசாரணையில் உள்ளது என்று அதில் இருக்கும். ஒருநாள் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கதிரையை என் பக்கம் இழுத்தார்.

"ஆர் தம்பி அந்தாள்?"

"சொல்லக்கூடாது, ஐயா."

"கனகத்துக்காக எழுதியிருக்கிறானோ?"

"ஓம், ஐயா."

அவர் யோசித்தார். முகத்தில் அந்தப் பழைய சந்தேகம் அப்படியே இருந்தது.

"அவனை நம்பலாமோ?"

"நம்பலாம், ஐயா. இந்தக் கந்தோருக்கு அவரைவிட நம்பிக்கையான ஆள் வந்ததில்லை."

"எதுக்கும் விசாரிச்சு வையும்" என்று சொல்லிவிட்டு, பதிலைச் சட்டைப்பையில் வைத்து, வெளியில் காத்து நின்ற நானாவை முறைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

பெட்டிசத்தாருக்குப் பிறகு அந்த வயலைக் கனகம் அக்காதான் செய்தார். பேமிற்றில் அவருடைய பெயரை யாரும் தொடவில்லை. எனக்குப் பல ஊருக்கு மாற்றம் வந்தது. இளைப்பாறியும் விட்டேன். செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு எங்கேயாவது சைக்கிள் மணி கேட்டால், இன்றைக்கும் கதிரையை விட்டு எழுந்துவிடுகிறேன்.