தானாகவே கற்றுக்கொண்ட பைக்

வெள்ளிக்கிழமை மீன் விருந்தில், வாயில் பாதி மீன் துண்டோடு, டெல்பர்ட் க்ரூகர் சபதம் செய்தார்.

"என் பைக்ல அந்தப் பெட்டி ஏறாது. ஏறினா நான் க்ரூகர் இல்லை!"

விஸ்கான்சினில் இருக்கும் மெல்ரிட்ஜ் சின்ன ஊர். அங்கே ஒருவர் சபதம் செய்தால் மறுநாள் காலை காபிக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். டெல்பர்ட் சீஸ் ஆலையில் மேற்பார்வையாளர். ஆனால் அவரைக் கேட்டால் அதைச் சொல்ல மாட்டார். ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில், ஒன்பது வருஷமாக மோட்டார் சைக்கிள் சங்கத்துக்கு முதல் ஆளாகப் போகிறவர் என்றுதான் சொல்வார். அதையும் நாம் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

பெட்டி என்று அவர் சொன்னது டியூனரை. உள்ளங்கை அகலம்தான். சீட்டுக்கு அடியில் ஒயரோடு மாட்டினால், இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் ஊற்ற வேண்டும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கட்டளை போடும்.

அந்த வசந்தத்தில் டெல்பர்ட் தன் பைக்கின் புகைக்குழாயை இன்ஜின் வாயிலிருந்து வால் நுனி வரை மொத்தமாக மாற்றியிருந்தார். ஏர் ஃபில்டரும் புதுசு. இனி அவர் சர்ச் வழியாகப் போனால் பாதிரியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, வண்டி போன பிறகுதான் தொடருவார். டெல்பர்ட்டுக்கு அதில் அவ்வளவு பெருமை.

இதற்கு மனைவி லவோனிடம் அனுமதி வாங்க அவர் ஒரு தந்திரம் செய்திருந்தார். இருவரிடமும் ஒரே வருஷம், ஒரே மாடல் பைக். அவருடையது கறுப்பு, அவளுடையது சிவப்பு. அதே குழாய், அதே ஃபில்டர், அவளுக்கும் ஒரு ஜோடி வாங்கி, ரிப்பன் கட்டி, பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துவிட்டார்.

"பொண்டாட்டி பிறந்தநாளுக்கு சைலன்சர் வாங்கின ஆளு உலகத்துலயே நீ ஒருத்தன்தான் டெல்," என்றாள் லவோன்.

டெல்பர்ட் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

சிக்கல் இரண்டாம் வாரமே ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரை விட்டால் போதும், இரண்டு பைக்கும் பட் பட்டென்று வெடித்தன. குழாய் கொதித்து நீலம் பாரித்தது. சிக்னலில் நின்றால் டெல்பர்ட்டின் வலது தொடை வறுபட்டது.

பக்கத்து வீட்டு ஆர்லோ, சங்கத் தலைவர், ஸ்டூலில் ஏறி, ஆளுயர மரவேலி மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு வைத்தியம் சொன்னார். "டேய் டெல், வால் பக்கம் மட்டும் மாத்தியிருந்தா பரவாயில்லை, பைக்குல இருக்கற கம்ப்யூட்டர் அதுவே சமாளிச்சுக்கும். நீ மூக்கையும் மாத்திட்டே, வாலையும் மாத்திட்டே. காத்து கொட்டுது, பெட்ரோல் பழைய அளவுலயே போகுது. டியூனர் போடு."

"அந்தக் கம்ப்யூட்டருக்கு சென்சார் இருக்குடா. ஓட்ட ஓட்டத் தானா கத்துக்கும்."

"அதுக்கும் ஒரு அளவு இருக்கு."

"என் பைக்குக்கு அளவே கிடையாது!"

"அது உன் வாய்க்கு."

லவோனும் அதையேதான் சொன்னாள். அவள் மாவட்டப் பள்ளிக்கூடங்களின் பாய்லர்களைப் பழுது பார்ப்பவள். தீயின் நிறத்தைப் பார்த்தே வியாதியைச் சொல்லிவிடுவாள்.

"காத்து கூடி எரிபொருள் குறைஞ்சா சூடு ஏறத்தான் செய்யும். என் பாய்லருக்கும் அதுதான் கணக்கு. எனக்கு ஒரு டியூனர் வாங்கித் தா. உனக்கும் ஒண்ணு வாங்கிக்கோ."

"பாய்லரும் பைக்கும் ஒண்ணா லவோன்?"

"இல்லைதான். பாய்லர் சொன்ன பேச்சைக் கேக்கும்."

"டியூனரெல்லாம் ஓட்டத் தெரியாதவங்களுக்கு. பொறுமையா ஓட்டு. கத்துக்கும்."

பைக் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. ஜூன் நடுவில், ஊர்வல ஒத்திகையில், டெல்பர்ட் முன்னால் போய் ஆக்ஸிலேட்டரை விட்டார். பட்! பின்னால் நின்ற குதிரைகளில் ஒன்று மிரண்டு, அலங்கார வண்டியின் காகிதக் கழுகைக் கடித்து இழுத்துவிட்டது.

ஆர்லோ அங்கேயே அறிவித்தார். "வெடிக்கிற பைக் எதுவும் குதிரைக்கு முன்னாடி வராது. வெடிச்சா, கடைசி. குதிரைக்குப் பின்னாடி."

குதிரைக்குப் பின்னால் என்ன கிடக்கும் என்று மெல்ரிட்ஜில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அன்று டெல்பர்ட்டுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. ஒன்பது வருஷப் பெருமை ஒரு பக்கம். சபதம் ஒரு பக்கம். பெருமையைக் காப்பாற்றச் சபதத்தை உடைக்க வேண்டும். உடைத்தது தெரிந்தால் பெருமை போகும். யோசித்து யோசித்து, யாருக்கும் தெரியாமல் உடைத்துவிடுவது என்று முடிவு செய்தார்.

டியூனர் ஆலை முகவரிக்கு வந்தது. சீஸ் பெட்டிகளுக்கு நடுவே ஒரு குட்டிப் பெட்டியாக. லவோன் பள்ளிக்கூட பாய்லர் சோதனைக்குப் போயிருந்த சனிக்கிழமை மத்தியானம், டெல்பர்ட் சீட்டைக் கழற்றி, ஒயரைச் செருகி, மூடிவிட்டார். ஸ்டார்ட் செய்தார். ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டார். சத்தமில்லை. பெட்டி ஏறியதும் பைக் பெட்டிப் பாம்பாக அடங்கிவிட்டது.

லவோன் வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, அவளுக்கு முன்னால் நாலு முறை முறுக்கிக் காட்டினார்.

"பாத்தியா? கத்துக்கிச்சு!"

லவோன் பைக்கைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். "தானாவா?"

"தானா."

"ஒரே நாள்லயா?"

"நான் பொறுமையா சொல்லிக் கொடுத்தேன் லவோன்."

"என்னுது இன்னும் வெடிக்குதே. அதே பைக், அதே குழாய்."

இங்கே டெல்பர்ட் வாயை மூடியிருக்கலாம். ஆனால் பெருமை தொண்டை வரை வந்துவிட்டால் அவருக்கு விழுங்கத் தெரியாது.

"பைக் ஒண்ணுதான். ஓட்டுற கை வேறல்ல?"

"அப்படியா?" என்றாள் லவோன்.

அவ்வளவுதான். கோபமில்லை, சண்டையில்லை. இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவர், அந்த 'அப்படியா'வைக் கேட்டதும் வெளியூருக்கு ஓடியிருக்க வேண்டும். டெல்பர்ட் ஓடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் பத்து மேசைக்கும் போய், தன் கையின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆர்லோவே எழுந்து கை குலுக்கினார். "டெல், ஒத்துக்கறேன். நீதான் முன்னாடி."

ஜூலை நாலாம் தேதி காலை, லவோன் வாளியும் துணியுமாக வந்து நின்றாள்.

"நீ உள்ள போய் அந்தத் தோல் கோட்டுல மெடல் எல்லாம் குத்திக்கோ. ரெண்டு பைக்கையும் நான் கழுவிடறேன்."

"நீயா? என் பைக்கையா?"

"ஊர்வலத்துக்குத் தலைவன். அழுக்கா போகலாமா?"

டெல்பர்ட் கண்ணாடி முன்னால் நின்று ஒன்பது மெடலையும் குத்திக்கொண்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தால், லவோன் குனிந்து கறுப்பு பைக்கின் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எப்பேர்ப்பட்ட மனைவி! அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மெயின் ரோட்டில் ஊரே கூடியிருந்தது. பேண்ட் வாத்தியம், கொடி, எலுமிச்சைச் சாறு. முப்பது பைக்குகளுக்கு முன்னால் டெல்பர்ட் நிமிர்ந்து உட்கார்ந்து, கை காட்டி, ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டார்.

பட்!

மறுபடி விட்டார். பட் பட் பட்!

குதிரைகள் நாலு காலிலும் துள்ளின. டெல்பர்ட் இறங்கி, சீட்டைத் திறந்தார். பெட்டி இல்லை. ஒயர்கள் இரண்டும் கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே, அழகாகச் சேர்ந்து உட்கார்ந்திருந்தன. பாய்லர் பார்க்கிற கை. சுத்தமான வேலை.

ஆர்லோ ஓடி வந்தார். "என்னடா ஆச்சு? எதாவது காணாமப் போச்சா?"

டெல்பர்ட் நிமிர்ந்தார். முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் சிவப்பு பைக், ஒரு வெடிப்பும் இல்லாமல், பால் குடித்த பூனை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. அதன் மேல் லவோன், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அக்கறையோடு எட்டிப் பார்த்தாள்.

போச்சு என்று சொன்னால், இருந்தது என்றாகிவிடும். இருந்தது என்றால்...

"ஒண்ணும் காணாமப் போகலை," என்றார் டெல்பர்ட்.

"அப்போ விதி விதிதான். லவோன், உன்னுது நல்லா ஓடுதே? நீ முன்னாடி போ!"

டெல்பர்ட் குதிரைகளுக்குப் பின்னால் போனார். வளைந்து வளைந்து போனார். சில இடங்களில் வளைய முடியவில்லை. வங்கி வாசலில் தொடை வெந்தது. இரும்புக் கடை வாசலில் பைக் மூச்சை விட்டுவிட்டது. அதை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், வியர்வையைத் துடைத்தபடி பார்த்தார்.

ரோடு திரும்பும் இடத்தில் கொடிக்கு அடுத்து லவோன். முதுகு நேராக, ஒரு கை இடுப்பில், ஒரு கை ஹாண்டில்பாரில். நடக்கிற வேகத்தில் போகும்போதும் காலைக் கீழே ஊன்றவில்லை. இரு பக்கமும் ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். இரும்புக் கடைக்காரர் வாயைப் பிளந்தார்.

"ஹெல்மெட்டுக்குள்ள யாருப்பா அது? என்னமா ஓட்டுது!"

"என் பொண்டாட்டி," என்றார் டெல்பர்ட்.

சொன்னதும் நெஞ்சு தானாக விரிந்தது. அவருக்கே ஆச்சரியம். ஒன்பது வருஷம் முன்னால் போனபோதுகூட இப்படி விரிந்ததில்லை. பக்கத்தில் நின்றவரையும் கூப்பிட்டு, "அதோ, சிவப்பு பைக். என் பொண்டாட்டி," என்றார். கேட்காத இரண்டு பேரிடமும் சொன்னார்.

அந்தப் பெருமைதான் அவரை வீடு வரை பைக்கைத் தள்ளவைத்தது. வழியெல்லாம் யோசித்து, ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். உண்மையைச் சொல்லிவிடுவது. இவ்வளவு பெரிய மனசு எத்தனை கணவர்களுக்கு இருக்கிறது?

லவோன் கொல்லையில் மரவேலி ஓரமாக நின்று பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆர்லோ வீட்டில் சங்கத்துக்கு சாஸேஜ் விருந்து. நேரமாகவில்லை போலும், வேலிக்கு அந்தப் பக்கம் புகை மட்டும் எழுந்தது. பேச்சுச் சத்தமே இல்லை.

"லவோன்... அதை எப்போ திருப்பித் தருவே?"

"எதை?"

"அதான்... சீட்டுக்கு அடியில இருந்தது."

"சத்தமா சொல்லு டெல். காதுல இன்னும் பேண்ட் வாத்தியம் அடிக்குது."

டெல்பர்ட் மூச்சை இழுத்தார். ஒன்பது மெடலும் நிமிர்ந்தன.

"டியூனர்! நான்தான் திருட்டுத்தனமா வாங்கி மாட்டினேன்! என் பைக் ஒரு மண்ணும் கத்துக்கலை! உனக்கும் ஒண்ணு வாங்கிக் கொடுத்திருக்கணும். என்னைவிட நீ நல்லா ஓட்டறே. போதுமா?"

மனசு லேசாகிவிட்டது. தன் நேர்மையை நினைத்து அவருக்கே தன் மேல் மரியாதை வந்தது.

லவோன் துணியை மடித்து வைத்துவிட்டு, வேலிப் பக்கம் திரும்பினாள்.

"ஆர்லோ, எல்லாருக்கும் கேட்டுச்சா?"

அந்தப் பக்கமிருந்து முப்பது பேர் கை தட்டினார்கள்.