முதல் எச்சரிக்கை யாருக்கு?

எச்சரிக்கை அனுப்பும் புரோகிராமை எழுதி முடிக்க அனுசுயாவுக்கு மூன்று மணி நேரம்தான் ஆயிற்று. அது முதலில் யாருடைய போனுக்குப் போகவேண்டும் என்பதை முடிவு செய்யத்தான் மூன்று வாரம் போதவில்லை.

காரைக்குடிக்கு வெளியே இருக்கும் ஒரு பெண்கள் கல்லூரியில் அவள் சிஸ்டம் அட்மின். தற்காலிகம். போன மாதம் கம்ப்யூட்டர் தேர்வின் நடுவில் சர்வர் நின்றுபோனது. மாணவிகள் அத்தனை பேரும் ஒரே யூசர் கணக்கில்தான் உள்ளே நுழைவார்கள். பிள்ளைகள் திறக்கும் ஒவ்வொரு திரையும் உள்ளே சில வேலைகளை ஓட்டும். ஒரு கணக்கின் பேரில் ஒரே நேரத்தில் ஆயிரம் வேலைகளுக்கு மேல் ஓடக்கூடாது என்று ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஒரு வரம்பு இருந்தது; அந்தப் பழைய மெஷினில் அதைக் கூட்டவும் முடியாது. ஆயிரத்தைத் தொட்டதும் அது கதவைச் சாத்திக்கொண்டது. அறுபது பிள்ளைகள் கீபோர்டைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அழுதார்கள்.

"மறுதேர்வு நடக்குற வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. அதுக்குள்ள ஏற்பாடு பண்ணுங்க," என்றார் முதல்வர் கல்யாணசுந்தரி. "வரம்பத் தொடுறதுக்கு முன்னாடியே எச்சரிக்கை வரணும். டிரஸ்டிங்க அஞ்சு பேருக்கும் போகணும்."

"மேடம், எனக்கு வந்தாப் போதுமே? சரி பண்ணப் போறது நாந்தானே?"

"போன தடவ ஏன் எங்களுக்குச் சொல்லலன்னு அஞ்சு பேரும் என்னையப் போட்டுக் காய்ச்சிட்டாக. இன்னொரு தடவ நின்னுச்சுன்னா உங்களுக்கு நிரந்தர ஆர்டர் வராது. வீட்டுக்குப் போற ஆர்டர்தான் வரும்."

அந்த நிரந்தர ஆர்டருக்காக அனுசுயா இரண்டு வருடமாகக் காத்திருக்கிறாள். கணக்கில் ஓடும் வேலை எண்ணூறைத் தொட்டதும் ஐந்து பேருக்கும் மெசேஜ் போகும்படி செய்தாள். சோதித்தும் பார்த்தாள். அருமையாக வேலை செய்தது. அதுதான் வினை.

டிரஸ்டிகளில் முதலில் போன் செய்தவர் நேமத்தான்பட்டி முருகப்பன்.

"ஏம்மா, நேமத்தான்பட்டின்னா உங்களுக்குக் கடைசியா?"

"லிஸ்ட்ல இருந்த வரிசைப்படி போயிருச்சு சார். ஏழு செகண்டுதான் வித்தியாசம்."

"கோயில்ல மாலையும் ஏழு செகண்டு வித்தியாசத்துலதான் போடுறாக. யாருக்கு மொதல்ல போட்டாகங்கிறதுதானம்மா பேச்சு?"

இதற்கு எந்தக் கம்ப்யூட்டர் புத்தகத்திலும் பதில் இல்லை. அவரை வரிசையின் தலையில் வைத்து மறுபடி சோதித்தாள். மதியத்துக்குள் நாட்டரசன்கோட்டை வீரபாண்டியன் கூப்பிட்டார். காலையில் தலையில் இருந்தவர் அவர்தான்.

"காலையில நான் மொத ஆளு. இப்ப ரெண்டாவதா? நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

சமாதானம் சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. கடைசியில் அவருக்கு மட்டும் எழுநூறிலேயே மெசேஜ் போகும்படி மாற்றிவிட்டு, "வெளிய சொல்லிராதீக சார்," என்று கேட்டுக்கொண்டாள். வீரபாண்டியன் வெளியே சொல்லவில்லை. முருகப்பனிடம் மட்டும் சொன்னார்.

"அவருக்கு எழுநூறுல சொல்றீகளாமே? எனக்கு அறுநூறு," என்றார் முருகப்பன்.

மறுநாள் இன்னொரு டிரஸ்டி, பாத்திரக்கடை சேக் தாவூது வந்தார். தன்மையான மனிதர். "நான் மொதல்ல, கடைசியில பாக்குற ஆளு இல்லம்மா. ஆனா என் கடைக்கு வந்து முருகப்பன் சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா? ஐநூறுல சொல்லுங்க, போதும்."

ஐநூறு கேள்விப்பட்டுக் கண்டரமாணிக்கத்துக்காரர் நானூறு கேட்டார். மீதியிருந்த டிரஸ்டி தேவகோட்டைக்காரர் முந்நூறு. அப்புறம் முருகப்பன் மறுபடி வந்தார். ஏலம் மேலே போகும் என்றுதான் அனுசுயா இதுவரை நினைத்திருந்தாள். இங்கே அது கீழே போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது வாரம் மற்ற நாலு பேரும் நூறுக்குக் கீழே இறங்கியிருக்க, வீரபாண்டியன் பத்தில் வந்து நின்றார்.

"சார், மெஷின ஆன் பண்ணினாலே பத்து ஓடுமே!"

"அப்பச் சரி. ஆன் பண்ணினதுமே எனக்குத் தெரியணும்."

வியாழக்கிழமை காலை ஒத்திகைத் தேர்வு வைத்தார் முதல்வர். இருபது மாணவிகள் உட்கார்ந்தார்கள். இரண்டு நிமிடத்துக்குள் ஐந்து டிரஸ்டிகளின் போனிலும் ‘எச்சரிக்கை’ என்று சிவப்பு எழுத்தில் வந்து விழுந்தது. தனக்குத்தான் முதலில் தெரிந்தது என்றால், முதலில் ஏதாவது செய்யவேண்டும் அல்லவா? செய்தார்கள்.

வீரபாண்டியன் ஆபீசுக்குப் போன் போட்டு, பிள்ளைகளில் பாதிப்பேரை எழுப்பச் சொன்னார். அதே நேரத்தில் தேவகோட்டைக்காரர் முதல்வருக்குப் போன் போட்டு, மீதிப் பாதியை எழுப்பச் சொன்னார். முருகப்பன் காரிலேயே வந்து இறங்கி, சர்வர் அறையில் நின்று, "இன்னொரு ஏ.சி.யப் போடுங்க," என்றார். போட்டதும் பியூஸ் போயிற்று.

பத்தேகால் மணிக்கு இருபது பேரும் வேப்பமரத்தடியில் நின்றார்கள். பியூஸ் போகும்போது அந்தக் கணக்கில் ஓடிய வேலை நூற்று நாற்பது. வரம்பு பாவம், அது எங்கேயோ தூரத்தில் தன்பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

"நாளைக்கும் இப்படித்தான் நடக்குமா அனுசுயா?" என்றார் கல்யாணசுந்தரி. குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அனுசுயாவைப் பயமுறுத்தியது.

"நடக்காது மேடம்."

எப்படி நடக்காது என்று அவளுக்கே தெரியாது. வீட்டுக்குப் போனவள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். அறுபது பிள்ளைகள் இரண்டாம் தடவையும் அழுதால் அந்தப் பாவம் சும்மா விடாது என்று நினைத்தாள். தன் வேலையை அதற்கு அப்புறம்தான் நினைத்தாள். ஆனால் ரொம்ப நேரம் நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவள் ஒரு காரியம் செய்தாள். ஐந்து டிரஸ்டிகளின் நம்பரையும் புரோகிராமிலிருந்து எடுத்துவிட்டாள். ஒரே ஒரு நம்பர், தன்னுடையதை மட்டும் போட்டாள். அளவை மறுபடி எண்ணூறில் வைத்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

பத்து மணிக்கு அறுபது பேர் உட்கார்ந்தார்கள். அனுசுயா வராந்தாவுக்கும் சர்வர் அறைக்குமாக நடந்தாள். வாசலில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்ற பியூன் பெத்தன், "சித்த நேரம் உக்காருங்க தாயி, தரை தேஞ்சிரப் போகுது," என்றார்.

பதினொன்று பத்துக்கு அவள் போன் அலறியது. ஓடிப்போய்ப் பார்த்தாள். எண்ணூற்று இருபது, எண்ணூற்று எழுபது. ஏறிக்கொண்டே போனது. சீக்கிரம் முடித்த பிள்ளைகள் விடையை அனுப்பிவிட்டு, திரையை மூடாமல் எழுந்து போயிருந்தார்கள். அவை எல்லாம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தன. கண்ணாடித் தடுப்பு வழியே தேர்வு அறையின் காலி நாற்காலிகளைக் கண்ணால் எண்ணி, ஆள் இல்லாத கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக வெளியேற்றினாள். தொள்ளாயிரத்து நாற்பதில் ஏற்றம் நின்றது. பிறகு எழுநூறு. பிறகு அறுநூறு. உள்ளே ஒரு பிள்ளைகூடத் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குத் தேர்வு முடிந்தது. அனுசுயா பானையிலிருந்து மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

நாலு மணிக்கு டிரஸ்ட் கூட்டம். எச்சரிக்கையை ஏன் நிறுத்தினாய் என்று ஐந்து பேரும் கிழிக்கப்போகிறார்கள் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் போனாள். உள்ளே ஐந்து பேரும் பந்தியில் பாயசம் சாப்பிட்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"நல்ல ஏற்பாடு," என்றார் வீரபாண்டியன்.

"பிரமாதமான ஏற்பாடு," என்றார் முருகப்பன்.

"மாஷா அல்லா," என்றார் சேக் தாவூது.

நிரந்தர ஆர்டரில் ஐந்து கையெழுத்தும் விழுந்தன. யார் முதலில் போடுவது என்றுகூடச் சண்டை வரவில்லை. கலைந்து போகும்போது வீரபாண்டியன் அவள் பக்கமாக ஒதுங்கி, "மத்தவுகளுக்கு முன்னாடி எனக்குத் தகவல் வந்தது நமக்குள்ளயே இருக்கட்டும்மா," என்று காதோடு சொல்லிப்போனார். அடுத்து முருகப்பன். அடுத்து சேக் தாவூது. கண்டரமாணிக்கமும் தேவகோட்டையும் அதையேதான் சொல்லின.

அனுசுயா சர்வர் அறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். அவள் நம்பரைத் தவிர ஒருவருக்கும் ஒரு மெசேஜும் போயிருக்கவில்லை. ஆர்டரைக் கையில் பிடித்தபடி வராந்தாவுக்கு வந்தாள். பெத்தன் காலி டீ டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பெத்தண்ணே, நான் யாருக்கும் மெசேஜே அனுப்பல. அஞ்சு பேரும் தனக்குத்தான் மொதல்ல தகவல் வந்துச்சுங்கிறாக. எனக்கு ஒண்ணுமே புரியல."

பெத்தன் தட்டைத் தூக்கித் தோளுக்கு நேராக வைத்துக்கொண்டார்.

"நாந்தான் தாயி, காலையில பதினோரு மணி டீ வாங்கப் போனப்ப அஞ்சு பேருக்கும் தனித்தனியாப் போனப் போட்டு, ‘ஐயா, பரீட்ச நல்லாப் போகுது, வேற யாருக்கும் இன்னும் சொல்லல, உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன்’னு சொன்னேன், பத்து வருசமா இந்தக் காலேஜே அப்படித்தான ஓடுது!"