அப்ரின் ஜங்ஷன்

ஸ்டேஷன் கரைந்துவிட்டது.

பெரிய மழைகூட இல்லை. ராத்திரி சும்மா தூறியதுதான். காலையில் நவுஷாத் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தால், அட்டையில் வெட்டி ஒட்டிய ரயில் நிலையம் ஊறிப்போய் மாதுளைச் செடியடியில் குப்புறக் கிடக்கிறது. தோட்டத்தைச் சுற்றிப் போட்ட பொம்மைத் தண்டவாளம் மட்டும்தான் மிச்சம்.

"போச்சுடா!" என்று தலையில் கை வைத்தார்.

நவுஷாதுக்குக் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை. பொம்மை ரயில் அவருடைய பைத்தியம். வேறு நேரமாயிருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டார். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை மகள் அப்ரினைப் பெண் பார்க்க வருகிறார்கள். வந்த வரனையெல்லாம் நொட்டை சொல்லித் தட்டிவிட்ட பெண், இந்த ஒரு மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்துத்தான், "இவரு ஓகே அத்தா" என்று சொல்லியிருந்தாள். அந்த மாப்பிள்ளையின் அப்பா ஷேக் தாவூது, விருத்தாசலத்துக்காரர், ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர்.

"ஸ்டேஷன் மாஸ்டரு வர்ற வூட்ல ஸ்டேஷன் இல்லாம ரயிலு ஓடுனா, நம்மள இன்னா நெனைப்பாரு?"

மனைவி ஜரினா முறைத்தாள். "அவங்க பொண்ணப் பாக்க வர்றாங்களா, உங்க பொம்மையப் பாக்க வர்றாங்களா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. என் ரயிலப் பாத்தாருன்னா மனுசன் அப்படியே மயங்கிடுவாரு. சம்பந்தம் கெட்டியாயிடும்."

அன்றே தெர்மாகோலில் புது ஸ்டேஷன் செய்தார். மழைக்குத் தாங்கட்டும் என்று எனாமல் பெயிண்டை எடுத்துப் பூசினார். பெயிண்ட் தெர்மாகோலைக் கடகடவென்று தின்றது. கொஞ்ச நேரத்தில் கூரை இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. தெர்மாகோலுக்கு எனாமல் ஆகாது என்று தினமும் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துச் சொல்கிறவர் இவர்!

"இனிமே அட்டையும் வாணாம், மட்டையும் வாணாம்" என்று கச்சிராயபாளையத்திலிருந்து கொத்தனார் சின்னராசுவை வரவழைத்தார். "சிமெண்ட்ல கட்டு. மழை, வெயிலு, எது வந்தாலும் அசையக் கூடாது."

"கவலையே படாதீங்க பாய். இடிக்கணும்னாகூட ஜேசிபிதான் வரணும்."

சின்னராசுவுக்குச் சின்ன வேலை, பெரிய வேலை என்ற பேதமே கிடையாது. கம்பி கட்டினான், கான்கிரீட் போட்டான், முழங்கால் உயரக் கட்டடத்துக்கு சன்ஷேடு இறக்கினான், மாடிப்படி வைத்தான்.

"மாடிக்கு யாருய்யா போவப் போறா?"

"துணி காயப்போட வாணாமா பாய்?"

தளத்தைச் சுற்றிப் பாத்தி கட்டித் தண்ணீரும் நிறுத்தினான். கட்டடம் இறுகிக்கொண்டே வந்தது. முகப்பில் நவுஷாத் தன் கையாலேயே 'அப்ரின் ஜங்ஷன்' என்று எழுதினார்.

"அத்தா, மானத்த வாங்காதீங்க! அவங்க சிரிக்கப் போறாங்க" என்று அப்ரின் அழாத குறையாகக் கெஞ்சினாள்.

சனிக்கிழமை வெள்ளோட்டம். ரயில் மாதுளையைச் சுற்றி ஜம்மென்று வந்தது. ஸ்டேஷனுக்குள் நுழைந்தது. இரண்டு பிளாட்பாரத்துக்கும் நடுவே கீச்சென்று ஒரு சத்தம். அதோடு நின்றுவிட்டது.

"இன்னா சின்னராசு இது?"

"அளவு கரெக்டாத்தான் எடுத்தேன் பாய். மேல பூச்சு பூசுனா செவுரு கொஞ்சம் தடிக்கும். எல்லா வூட்லயும் உள்ளதுதான்."

"அப்போ தண்டவாளத்த நவுத்து!"

சின்னராசு தலையைச் சொறிந்தான். "ஆடக் கூடாதுன்னு அதையும் கான்கிரீட்ல சேத்துப் புடிச்சிட்டேனே."

நவுஷாத் உளியை எடுத்துப் பிளாட்பாரத்தில் ஓங்கி அடித்தார். உளி மழுங்கியது. இன்னொன்று எடுத்தார், அதன் முனை உடைந்தது. ரயிலைப் பிடித்து இழுத்தார், பின்னால் இரண்டு பெட்டி கையோடு வந்தன. எஞ்சின் வரவில்லை. சின்னராசு பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் கொல்லலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் கார் வந்து நின்றபோது நவுஷாத் தோட்டத்துக் கதவில் பெட்ஷீட்டைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். ஓடாத ரயிலைக் காட்டி அசிங்கப்படுவதைவிடக் காட்டாமலிருப்பதே மேல் என்று பட்டது.

சலாம் சொல்லி உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஆசியா பீவி சிரிக்கவே இல்லை. டீயைக்கூடத் தொடவில்லை. வாசலையும் ஜன்னலையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த நேரம் பார்த்து மின்விசிறிக் காற்றில் பெட்ஷீட் ஒதுங்கியது.

"அது இன்னா, சிக்னல் மாதிரி தெரியுது?" என்று ஷேக் தாவூது எழுந்துவிட்டார்.

தடுக்க முடியவில்லை. மனிதர் நேராகத் தோட்டத்துக்குப் போய் ஸ்டேஷன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அடேங்கப்பா! எங்க, ஓட்டுங்க பாப்போம்!"

பின்னாலேயே வந்த ஆசியா பீவியின் முகம் கறுத்துவிட்டது. ஜன்னல் திரைக்குப் பின்னால் அப்ரின் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பெற்ற பெண்ணின் வாழ்க்கையைக் கான்கிரீட் போட்டு மூடிவிட்டோமே என்று நவுஷாத் நொந்துபோனார்.

"ஓடாதுங்க" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. "மாட்டிக்கிச்சு."

"சரி பண்ண முடியாதா?" ஆசியா பீவியின் குரல் கறாராக இருந்தது.

"முடியாதுங்க."

"இடிச்சிட்டு வேற கட்டுவீங்களா?"

"இடிக்கவும் முடியாதுங்கம்மா. எந்தக் காலத்துலயும் இதுல ரயிலு ஓடாது." சொல்லும்போதே அவர் கண்ணில் தண்ணீர் முட்டியது.

ஆசியா பீவி நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டார். "அல்ஹம்துலில்லாஹ்! எந்த ஊருக்குக் கூட்டிக்கினு போனாலும் இந்த மனுசன் ஸ்டேஷன்ல போய் உக்காந்துக்கறாருன்னுதான், ரயிலே வராத ஊரா பாத்து இங்க பொண்ணு கேட்டு வந்தேன். இது மட்டும் ஓடியிருந்தா இந்நேரம் கார்ல ஏறியிருப்பேன். பொண்ணக் கூப்புடுங்க, பூ வெச்சிட்டே போறோம்!"