முந்நூறு வயது மிளகு வியாபாரி

அச்சில் வந்த படத்துக்குப் பக்கத்தில் நின்று பேசினால் எந்த ஆளும் கொஞ்சம் அறிவாளியாகத் தெரிவான். அந்த நம்பிக்கையில் ஒரு நாள் எழுந்து நின்றவன் நான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. வாரநாட்களில் கொச்சி பிராட்வேயில் ஒரு துணிக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டாஞ்சேரியில் எங்கள் தெருச் சங்கத்து அறையில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. (நானே பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். 'மாஷே', அதாவது வாத்தியாரே, என்று கூப்பிட்டால் என்னைத்தானா என்று சுற்றிப் பார்த்துக்கொள்வேன்.) எங்கள் பிள்ளைகள் மலையாளத்தைக் கடகடவென்று வாசிக்கும், தமிழெழுத்தைக் கோலம் பார்ப்பதுபோலப் பார்க்கும். வகுப்பால் என்ன பிரயோஜனம், அறையைக் கேரம் விளையாட விடலாமே என்று சங்கத்தில் பேச்சு கிளம்பியது. செயலாளர் சுப்பையா அண்ணன், பெற்றவர்கள் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்டு, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

ஊர் வரலாற்றையே நடத்தி அசத்திவிடுவது என்று முடிவெடுத்தேன். பாடத்துக்குப் படம் வேண்டுமே. ஒரு ஹோட்டல் காலண்டர் கிடைத்தது. மூட்டைகளுக்கு முன்னால், தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாகத் தராசு பிடித்து நிற்கும் ஒருவர். கீழே 'பழைய கொச்சியின் மிளகு வியாபாரி' என்று ஒரு வரி. வெட்டி அட்டையில் ஒட்டினேன். என் மனைவி செல்வி எட்டிப் பார்த்து, "இது ஆரு?" என்றாள்.

"வரலாறு" என்றேன்.

அன்றைக்கு அறை நிறைந்துவிட்டது. இவர் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த நம்ம ஆள் என்று ஆரம்பித்தேன். (அந்தக் காலத்தில் கேமரா ஏது என்று எனக்கும் தோன்றவில்லை, கேட்டவர்களுக்கும் தோன்றவில்லை.) கப்பல், புயல், தூரதேசம் எல்லாம் சொன்னேன். "அந்தக் கண்ணைப் பாருங்க. விட்டு வந்த ஊரை நினைச்சு எத்தனை துக்கம்" என்றபோது என் குரலே தழுதழுத்தது. ஒரு அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மீனா எழுந்தாள். "மாஷே, அது எங்க அச்சனாக்கும்."

எல்லாத் தலையும் திரும்பியது. கதவோரத்தில், மிளகுக் கிடங்கில் சுமை தூக்கும் அவள் அப்பா முருகேசன் அண்ணன், மடித்துக்கட்டிய லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு மெதுவாக எழுந்தார். மழுமழுவென்ற முகம்.

"துக்கம் ஒண்ணுமில்ல மாஷே" என்றார் மரியாதையாக. "ஒட்டு மீசை. வெயில்ல பசை உருகி ஒரே அரிப்பு. சொறியப்பிடாதுன்னு போட்டோ எடுக்க வந்த சேட்டன் சொல்லிட்டாரு."

அறை குலுங்கியது. கண்ணீர் விட்ட அக்காதான் அதிகம் சிரித்தார். சுப்பையா அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கேரம் போர்டு என் கண்முன்னால் வந்து நின்றது.

மீனா இன்னும் உட்காரவில்லை. "அப்ப ஏன் அச்சன் பேரு போடல?"

சிரிப்பு அடங்கியது. தெரியாது என்று சொன்னேன். அன்றைய பாடத்தில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான். அதற்குப் பிறகு நான் பேச வேண்டியே வரவில்லை. அந்த வரியை எழுதியது யார், யார் பார்ப்பதற்காக, கிடங்கில் நிஜமாகவே நிற்கிற ஆளுக்கு எதற்குத் தலைப்பாகை என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். சாயா வந்து ஆறிப்போனது.

கேரம் போர்டு வந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைச் சுவரில் சாய்த்துவைக்க வேண்டும் என்று சுப்பையா அண்ணனே உத்தரவு போட்டார். அடுத்த வகுப்பில் மீனா அந்த அட்டையை வாங்கி, அச்சடித்த வரியை அடித்துவிட்டு, கோணல்மாணலாக, தமிழில், முருகேசன் என்று எழுதினாள்.

இப்போதெல்லாம் செல்போனில் யாராவது அனுப்பும் படத்தை, ஆயிரம் வருஷத்துப் பழசு என்று வாயைப் பிளந்துகொண்டு செல்வியிடம் நீட்டுவேன். அவள் மீன் ஆய்வதை நிறுத்த மாட்டாள். நிமிர்ந்தும் பார்க்க மாட்டாள்.

"இது யாரோட அச்சன்?" என்பாள்.